போலி ரீஃபண்ட் சைட், திருட்டு காப்பி: ஹோஸ்டிங் கம்பெனிக்குப் புகார் போடுவது எப்படி?

ஐடிஆர் சீசன் வந்தாலே "உங்க ரீஃபண்ட் ரெடி, லிங்க்கை கிளிக் பண்ணி பேங்க் அக்கவுண்டை வெரிஃபை பண்ணுங்க"ன்னு மெசேஜ் வர ஆரம்பிச்சிடும். 2023-ல 15,490 ரூபாய் ரீஃபண்ட்னு ஒண்ணு சுத்துச்சு. அது போலின்னு மத்திய அரசோட பிஐபி ஃபேக்ட் செக் சொன்னாங்க. இந்த மாதிரி லிங்க் வந்தா பெரும்பாலும் டெலீட் பண்ணிட்டு வேலையைப் பார்க்கப் போயிடுவோம். நாம தப்பிச்சோம், சரி. ஆனா அந்த சைட் ஓடிக்கிட்டுத்தானே இருக்கும்?

முதல்ல ஒரு விஷயம். ஏற்கனவே பணம் போயிடுச்சுன்னா இதை அப்புறம் படிங்க. உடனே 1930-க்கு ஃபோன் பண்ணுங்க, பேங்க்ல சொல்லுங்க. போன பணத்தை ஹோஸ்டிங் கம்பெனியால மீட்டுத் தர முடியாது.

ஒரு சைட்டுக்குப் பின்னாடி குறைஞ்சது ரெண்டு பேர் இருப்பாங்க. டொமைன் பேரை வித்தவர் ரிஜிஸ்ட்ரார். சைட்டுக்கு இடம் வாடகைக்குக் கொடுத்தவர் ஹோஸ்டிங் கம்பெனி. ஐகான் அமைப்போட லுக்அப் பக்கத்துல டொமைன் பேரைப் போட்டா ரிஜிஸ்ட்ரார் யாருன்னும், பெரும்பாலும் அவங்க அப்யூஸ் மெயில் ஐடியும் வரும். சைட்டோட ஐபி முகவரியைத் தேடினா ஹோஸ்டிங் யாருன்னு தெரியும். அங்க கிளவுட்ஃப்ளேர்னு வந்தா, பல நேரம் அது வாசல்ல நிக்கிற காவலாளி மட்டும்தான், வீடு வேற இடத்துல இருக்கும். அவங்க ஃபார்ம்ல புகார் போட்டா உண்மையான ஹோஸ்டிங் கம்பெனிக்கு அனுப்பி வைப்பாங்க.

ஃபிஷிங் சைட்டைப் பத்தி யார் வேணும்னாலும் புகார் பண்ணலாம், பணம் இழந்திருக்கணும்னு அவசியமில்ல. 2024 ஏப்ரல் 5-லேர்ந்து ஐகான் ஒப்பந்தப்படி, தகுந்த ஆதாரத்தோட புகார் வந்தா ரிஜிஸ்ட்ரார் நடவடிக்கை எடுத்தே ஆகணும். "ஆதாரத்தோட"ங்கிறதுதான் இங்க முக்கியம். டொமைன் பேரை மட்டும் அனுப்பாதீங்க, லிங்க்கை முழுசா அனுப்புங்க. ஏன்னா யாரோ ஒரு அப்பாவியோட சைட்டை ஹேக் பண்ணி, உள்ளே ஒரு மூலைல போலி பக்கத்தை வச்சிருப்பாங்க. முகப்பைப் பார்த்தா எல்லாம் ஒழுங்கா இருக்கும். இன்னொரு தந்திரமும் உண்டு. சில பக்கங்கள் இந்தியாலேர்ந்து, அதுவும் மொபைல்ல பார்த்தா மட்டும்தான் திறக்கும். வெளிநாட்டுல உட்கார்ந்து செக் பண்றவருக்கு வெறும் பக்கம்தான் தெரியும், அவர் புகாரை மூடிடுவார். அதனால ஸ்க்ரீன்ஷாட், பார்த்த நேரம், எந்த நாட்டுலேர்ந்து எந்த போன்ல பார்த்தீங்க, எந்த நிறுவனம் மாதிரி நடிக்குது, எல்லாத்தையும் நாலு வரில எழுதுங்க. டெஸ்ட் பண்றேன்னு உங்க பான் நம்பரை அங்க டைப் பண்ணிடாதீங்க!

காப்பிரைட் புகார் முழுக்க வேற கதை. என் கிளையண்ட் ஒருத்தர், ஐடி வேலையோட சைடுல ஒரு எக்செல் கோர்ஸ் விக்கிறார். அதை அப்படியே எடுத்து 99 ரூபாய்க்கு ஒரு சைட் வித்துச்சு. "இவங்க ஃப்ராடு, உடனே பிளாக் பண்ணுங்க"ன்னு கோபமா மெயில் போட்டார். ஆட்டோ ரிப்ளை மட்டும்தான் வந்தது. ஹோஸ்டிங் கம்பெனி அமெரிக்காவுல இருந்ததால, அந்த நாட்டு 1998 டிஎம்சிஏ சட்டம் கேக்குற மாதிரி திருப்பி எழுதினோம்: எது ஒரிஜினல், காப்பி எந்த லிங்க்ல இருக்கு, தொடர்பு விவரம், இந்தப் பயன்பாட்டுக்கு அனுமதி இல்லைன்னு நல்லெண்ணத்தோட நம்புறேன், தகவல் சரியானது, நான்தான் உரிமையாளர்ங்கிற உறுதிமொழி, கையெழுத்து. அதுக்கப்புறம் பக்கம் காணாமப் போச்சு.

இந்த நோட்டீஸோட காப்பி எதிராளி கைக்குப் போகலாம், அதனால வீட்டு முகவரியைத் தவிர்க்க முடிஞ்சா நல்லது. அவர் பதில் நோட்டீஸ் கொடுத்து, நீங்க கோர்ட்டுக்குப் போகலைன்னா, 10 முதல் 14 வேலை நாள்ல பக்கம் திரும்ப வந்துடும். தெரிஞ்சே பொய்ப் புகார் கொடுத்தா நஷ்டஈடும் கட்ட வேண்டி வரலாம். இந்தியக் கம்பெனின்னா 1957 காப்பிரைட் சட்டத்தோட 52(1)(சி) பிரிவு இருக்கு. முறையான புகார் வந்து 36 மணி நேரத்துல முடக்கணும். 21 நாளுக்குள்ள கோர்ட் ஆர்டர் வரலைன்னா திரும்பத் திறந்துக்கலாம்.

சம்பளம் வாங்குறவங்க ஒண்ணு கவனிங்க. ஆபீஸ் வேலையா நீங்க செஞ்ச ஷீட், 17-வது பிரிவுப்படி, வேற ஒப்பந்தம் இல்லாதவரை, கம்பெனிக்குத்தான் சொந்தம். அதுக்கு உங்க பேர்ல புகார் போட முடியாது. வரி ஸ்லாப், ஃபார்முலா இதெல்லாமும் யாருக்கும் சொந்தமில்ல. நீங்க எழுதின விளக்கம், வீடியோ, ஷீட்டோட வடிவமைப்பு, இதுதான் உங்களோடது. இதுக்குப் பதிவு செஞ்சிருக்கணும்னு கட்டாயமும் இல்ல.

ஹோஸ்டிங் கம்பெனி கண்டுக்கலையா? ஃபிஷிங்னா கூகுள் சேஃப் பிரவுசிங்ல ரிப்போர்ட் பண்ணுங்க. அவங்க செக் பண்ணி ஏத்துக்கிட்டா குரோம்ல சிவப்பு எச்சரிக்கை வரும். திருட்டுக் காப்பியை விக்கிற சைட்னா, பணம் கட்டுற பக்கத்துல எந்த பேமெண்ட் கேட்வே இருக்குன்னு பாருங்க. அவங்களுக்கும் அதே ஆதாரத்தை அனுப்புங்க. என்னைக் கேட்டா இதுதான் வலிக்கிற இடம். புது டொமைன் அரை மணி நேரத்துல வாங்கிடலாம். புது கேட்வே அக்கவுண்டுக்குத் திரும்ப கேஒய்சி கொடுக்கணும்.