விதைப்பூச்சும் வறள்நிலமும்

விதை முளைத்தற்கு முதற்கண் வேண்டுவது நீர். மண்ணின் ஈரத்தை ஈர்த்து விதை பருத்த பின்னரே முளைவேர் வெளிப்படும். அவுஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் லூசேண், குளோவர் என்னும் தீவனப் பயிர்களின் விதைகளுக்குச் சுண்ணாம்புப் பூச்சிடுவர். வேர்முடிச்சில் வாழ்ந்து நைதரசனைப் பதிக்கும் பற்றீரியாவை அமிலமண்ணிற் காத்தலே அதன் முதல் நோக்கம். அதனை வறட்சிக்கு மருந்தெனக் கொள்ளல் பொருந்தாது.

ஈரம் குறைந்த மண்ணில், விதைக்குச் சேரவேண்டிய நீரில் ஒரு பங்கைப் பூச்சே உறிஞ்சும், முளைத்தல் தாமதமாகும். நீரை விலக்கும் பல்பகுதியப் பூச்சோ, சிறுமழையை நம்பி விதை முளைத்துக் கருகுவதைத் தடுக்கவல்லது. பின்னர் நன்மழை வருமாயின் அத்தாமதம் காப்பாகும். முன்பெய்த மழையின் ஈரமொன்றையே நம்பி விதைத்தவிடத்துக் கேடாகும். மேன்மண் உலருமுன் வேர் ஆழஞ் செல்லாதன்றோ!

பிறிதொரு கணக்கும் உண்டு. ஒரு கிலோகிராம் லூசேணில் ஏறத்தாழ 450,000 விதைகள் உள. நிறையில் மூன்றிலொரு பங்கு பூச்சாயின், எஞ்சுவன 300,000 மாத்திரமே. ஆதலின் நிறையொப்ப விதைத்த இரு பாத்திகளை ஒப்பிட்டுப் பூச்சின் குணங்குற்றம் துணிதல் பிழை. விதைகளை எண்ணி விதைத்து, மண்ணீரத்தையும் அளந்தறிந்த பின்னரே தீர்ப்புக் கூறல் தகும்.