மலையேறும் பைக்குள் பரங்கிக்காய் பார்

கோடை விடுமுறைக்குக் குடும்பத்தோடு மலையேறக் கிளம்புகிறவர்கள் ஷூ, தொப்பி, மழைக்கோட்டு எல்லாவற்றையும் யோசித்து வாங்குகிறார்கள். தின்பதற்கு என்ன என்பதை மட்டும் அடிவாரத்துக்கு வந்த பிறகுதான் நினைக்கிறார்கள். கடை வாசலில் சரம் சரமாகத் தொங்கும் பாக்கெட்டுகளில் பத்துப் பதினைந்தைப் பிய்த்துப் பையில் போட்டுக்கொண்டு நடக்கத் தொடங்கிவிடுகிறார்கள். முந்தின நாள் மாலையை ஒதுக்கினால் போதும், அந்தப் பாக்கெட்டுகளுக்குத் தேவையே இருக்காது.

பரங்கிக்காயும் பீநட் பட்டரும் சேர்த்துச் சுடும் பாரைத்தான் சொல்கிறேன். அமெரிக்காவில் இதைப் பட்டர்நட் ஸ்குவாஷில் செய்கிறார்கள். அந்தக் காயைத் தேடி அலைய வேண்டியதில்லை. நம் சந்தையில் கீற்றுப் போட்டு விற்கும் பரங்கியும் அதே தாவர இனம்தான். வேர்க்கடலையைப் போலவே பரங்கியும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கடல் கடந்து வந்ததுதான்.

நன்றாக முற்றிய, உள்ளே அடர்ந்த மஞ்சளாக இருக்கும் காயாகப் பார்த்து வாங்குங்கள். வேகவைத்தால் தண்ணீர் கோத்துக்கொள்ளும். பாரும் சொதசொதவென்று ஆகிவிடும். அதனால் துண்டுகளாக்கி அவனில் சுடுங்கள், இல்லாவிட்டால் இட்லித் தட்டில் ஆவியில் வைத்து, ஆறியதும் துணியில் கட்டிப் பிழியுங்கள். மசித்த விழுது ஒரு கப் வேண்டும்.

பீநட் பட்டரை வீட்டிலேயே அரைக்கலாம். கடலையைச் சிறுதீயில் வறுத்துத் தோலை ஊதிவிட்டு, மிக்ஸியை விட்டுவிட்டு ஓட்டுங்கள். முதலில் பொடியாகும், பிறகு கட்டியாக உருண்டு நிற்கும். அந்த இடத்தில்தான் பலர் ‘இது சரிப்படாது’ என்று தண்ணீர் ஊற்றிக் கெடுத்துவிடுகிறார்கள். பொறுமையாக இன்னும் கொஞ்சம் ஓட்டினால் கடலை தன் எண்ணெயைத் தானே விட்டு இளகிவிடும். பூஞ்சை பிடித்தது, சுருங்கியது, கசப்பது எதுவும் அதில் சேரக் கூடாது. பூஞ்சையின் நச்சு வறுத்தாலும் முழுதாகப் போகாது.

இந்தப் பட்டர் முக்கால் கப், பொடித்த வெல்லம் அரை கப், பொடித்த ஓட்ஸும் வறுத்த கேழ்வரகு மாவும் சேர்ந்து ஒன்றரைக் கப், ஒரு முட்டை, கால் டீஸ்பூன் சோடா உப்பு, சுக்கு, ஏலக்காய், ஒரு சிட்டிகை உப்பு. முட்டை சேர்க்காதவர்கள் ஆளிவிதைப் பொடியைத் தண்ணீரில் ஊறவைத்துச் சேர்க்கலாம். எல்லாவற்றையும் பரங்கி விழுதோடு பிசைந்து, எண்ணெய் தடவிய தட்டில் விரல் கனத்துக்குப் பரப்பி, 180 டிகிரியில் அரை மணி நேரம் சுடுங்கள். அவன் இல்லாத வீட்டில் அடிகனமான குக்கரில் உப்பைப் பரப்பி, கேஸ்கெட்டையும் வெயிட்டையும் எடுத்துவிட்டு, சிறுதீயில் வைத்தாலும் வரும். நேரம் மட்டும் கூடும். ஆறியதும் துண்டு போட்டு, 120 டிகிரியில் மறுபடி அரை மணி நேரம் உலரவிடுங்கள். ஈரம் குறைந்தால்தான் பையில் உதிராமல் இருக்கும். நம் வெயிலுக்கு, செய்த மறுநாளே தின்று தீர்த்துவிடுவது நல்லது.

100 கிராம் வேர்க்கடலையில் ஏறக்குறைய 25 கிராம் புரதம் இருக்கிறது. எடையில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகக் கொழுப்பு. அதனால்தான் இரண்டு துண்டு தின்றுவிட்டு நடந்தால் வெகுநேரம் பசி தெரிவதில்லை. மைதாவும் சர்க்கரையுமான பிஸ்கட்டில் இது கிடைக்காது. ஆனால், கூட வருகிறவர்களில் யாருக்காவது வேர்க்கடலை ஒவ்வாமை உண்டா என்று கேட்காமல் இதைச் செய்யாதீர்கள். மலைமேல் ஆஸ்பத்திரி கிடையாது.

கடையில் வாங்கினால் சுத்தம், மாதக்கணக்கில் கெடாது, நேரமும் மிச்சம் என்பார்கள். அதுவும் உண்மைதான். என் கவலை உள்ளே இருக்கும் பண்டத்தைப் பற்றியதல்ல, உறையைப் பற்றியது.

பளபளக்கும் அந்த உறைகளில் பெரும்பாலானவை ஒரே பொருளால் ஆனவை அல்ல. பிளாஸ்டிக் படலங்களுக்கு நடுவே மெல்லிய அலுமினியப் பூச்சு. எளிதில் பிரித்தெடுக்க முடியாததால் பழைய இரும்புக் கடைக்காரர்கூட வாங்க மாட்டார். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்கள் பலவற்றுக்குத் தடை இருக்கிறது. ஆனாலும் நீலகிரிச் சாலையோரப் புதர்களை, வெள்ளியங்கிரிப் படிகளின் இடுக்குகளைக் குனிந்து பாருங்கள், பிஸ்கட் உறையும் சிப்ஸ் உறையும் கிடக்கும். உப்பும் இனிப்பும் ஒட்டியிருப்பதால் விலங்கு உறையையும் சேர்த்தே விழுங்குகிறது. 2025 மே மாதம் கோவை மருதமலை அடிவாரத்தில் ஒரு பெண் யானை இறந்தது. உடற்கூறாய்வில் அதன் வயிற்றில் பிளாஸ்டிக் கழிவுகள் இருந்தன. கருவில் ஒரு குட்டியும் இருந்தது. அந்தச் செய்தியைப் படித்த பிறகும் மலைக்குப் பாக்கெட் எடுத்துப்போக எப்படி மனம் வருகிறது?

கட்டுச்சோறு கட்டிய நாளில் நம்மவர்கள் மிளகாய்ப்பொடி தடவிய இட்லியையும் புளியோதரையையும் வாழையிலையில், மந்தாரை இலையில்தான் மடித்தார்கள். தின்ற இடத்தில் இலை மக்கிப்போனது. பாருக்கும் அதே முறை போதும். வாழையிலையை அனலில் வாட்டி, துண்டு துண்டாக மடித்து, எவர்சில்வர் டப்பாவில் அடுக்குங்கள். அலுமினியத் தாள் வேண்டாம், அதுவும் காட்டில் மக்காது.

வீட்டில் செய்ததுதானே என்று குரங்குக்கு ஒரு துண்டு நீட்டாதீர்கள். ஒருமுறை ருசி கண்ட குரங்கு அடுத்து வருகிறவரின் பையைப் பிடுங்கும், அதற்கடுத்து வருகிறவரைக் கடிக்கும். தின்று முடித்ததும் டப்பாவைப் பிள்ளைகளிடம் கொடுத்து, வழியில் கிடக்கும் உறைகளை அதில் பொறுக்கிப் போடச் சொல்லுங்கள். நிரம்பிய டப்பாவை ஊருக்குக் கொண்டுவந்து, உறைகளைக் குப்பை வண்டியில் சேர்த்துவிடுங்கள்.