ரெண்டு சீட்டு, ஆறு சிலிண்டர், ஒரு பஸ் டிரைவர்!

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குப் போன் அடித்தால் என்ன அர்த்தம்? ஒன்று, ஊரில் யாருக்கோ சீரியஸ். அல்லது நண்பனுக்குப் பைத்தியம் பிடித்திருக்கிறது. அன்றைக்கு இரண்டாவது.

“மாப்ளே, போர்ஷே வாங்கப் போறேன்டா!”

“படமா, பொம்மையா?”

“கார்டா, கார்!”

இங்கிலாந்தில் ரெடிங் என்கிற ஊரில் அவனும் நானும் ஒரே ஆபீஸில் பக்கத்துப் பக்கத்து மேஜைகளில் கம்ப்யூட்டரைத் தட்டிக் காலம் தள்ளுகிறவர்கள். மதியம் டப்பாவில் தயிர் சாதம், சனிக்கிழமை துணி துவைத்தல். இந்த லட்சணத்தில் போர்ஷே!

ஆனால், கணக்கு பார்த்தால் ஆசாமி சொல்வதில் நியாயம் இருந்தது. போர்ஷே கம்பெனி 1996-ல் ‘பாக்ஸ்டர்’ என்று ஒரு இரண்டு சீட்டு கார் விட்டது. ‘பாக்ஸர்’ எஞ்சின், ‘ரோட்ஸ்டர்’ பாடி... இரண்டையும் ஒட்டவைத்த பெயர். கூரையை மடித்துவிட்டால் தலைக்கு மேலே வானம். புதுசில் முப்பதாயிரம் பவுண்டுக்கு மேல். 2004 வரை வந்த அந்த முதல் மாடல் இன்றைக்கு ஆறாயிரம், ஏழாயிரம் பவுண்டுக்கெல்லாம் விளம்பரத்தில் கிடக்கிறது. நண்பனிடம் நாலு வருஷமாகச் சேர்த்த ஒன்பதாயிரம் இருந்தது.

“ஜூன்ல அப்பா வர்றார்டா” என்றான் குரலை இறக்கி.

அவன் அப்பா கும்பகோணத்தில் அரசு பஸ் டிரைவராக முப்பத்தோரு வருஷம் இருந்து ரிடையர் ஆனவர். ஊர் முழுவதையும் ஏற்றி இறக்கிய மனுஷனுக்குச் சொந்தமாக இருந்ததெல்லாம் ஒரு சைக்கிள். அவரை ஏர்போர்ட்டிலிருந்து போர்ஷேயில் கூட்டி வர வேண்டுமாம்.

அதற்கப்புறம் கிண்டல் பண்ண எனக்கு வாய் வரவில்லை.

என்னை ஏன் துணைக்குக் கூப்பிட்டான் என்றால், என் பெரியப்பா புதுப்பேட்டையில் பழைய ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருந்தார். ஸ்கூல் லீவில் நான் அங்கேதான் டீ வாங்கிக் கொடுத்துக்கொண்டிருப்பேன். அந்த அனுபவம் போதும் என்று நண்பன் முடிவு செய்துவிட்டான்!

கிளம்புவதற்கு முன்னால் அவன் அப்பாவிடம் போனில் பேசினோம். போர்ஷே என்று சொல்லவில்லை. “பழைய கார் ஒண்ணு பார்க்கப் போறோம்ப்பா” என்றோம். அவர் சொன்னது இது:

“தம்பி, காலைல டிப்போவுல பஸ்ஸை எடுக்கறதுக்கு முன்னாடி நான் மொதல்ல குனிஞ்சு தரையைத்தான் பார்ப்பேன். வண்டி பொய் சொல்லும், வண்டிக்காரனும் பொய் சொல்லுவான். ராத்திரி பூரா வண்டி நின்ன எடம் பொய் சொல்லாது.”

முதல் கார்: பளபளப்பு!

லண்டன் ஓரத்தில் ஒரு வீடு. வாசலில் சிவப்பு பாக்ஸ்டர், கல்யாணப் பெண் மாதிரி. டயருக்குக்கூட எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டியிருந்தார்கள். நண்பனுக்கு அந்த நிமிஷமே செக் எழுதக் கை துடித்தது.

எக்ஸாஸ்ட் குழாயில் விரலை வைத்தேன். சுட்டது.

“காலையில் பால் வாங்கப் போனேன்” என்றார் ஓனர்.

பழைய கார் பார்க்கப் போகும்போது முதல் விதி: நாம் போகும்வரை வண்டியை ஸ்டார்ட் பண்ணக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். குளிர்ந்த எஞ்சின்தான் உண்மையைக் கக்கும். பாக்ஸ்டரில் சிலிண்டர்கள் பக்கத்துக்கு மூன்றாகப் படுத்துக்கொண்டிருக்கும். அதனால் கொஞ்சம் ஆயில் தேங்கி, ஸ்டார்ட் பண்ணினதும் ‘புஸ்’ என்று ஒரு வாய் புகை விடலாம். பயப்பட வேண்டாம். புகை நிற்காமல் நீல நிறத்தில் வந்துகொண்டே இருந்தால் கும்பிடு போட்டுவிட்டுக் கிளம்பலாம்.

நண்பனின் அப்பா சொன்னது ஞாபகம் வர, “ராத்திரி வண்டி எங்கே நிற்கும்?” என்று கேட்டேன். கராஜ் கதவு அரை மனசாகத் திறந்தது. தரையில் ஆயில் கறை உலக வரைபடம் போட்டிருந்தது. ஆஸ்திரேலியாகூடத் தெரிந்தது!

எஞ்சினும் கியர்பாக்ஸும் சேருகிற இடத்தில் இருக்கும் சீல் கசிந்தால் இப்படிச் சொட்டும். சரிபண்ண கியர்பாக்ஸைக் கழற்றணும். சீல் என்னவோ சின்னதுதான், கூலிதான் பெரிசு.

கடைசி ஆணி மீட்டரில் இருந்தது. பிரிட்டனில் மூன்று வயதுக்கு மேற்பட்ட கார்கள் வருஷா வருஷம் எம்.ஓ.டி. என்கிற தகுதிப் பரீட்சை எழுத வேண்டும். கார் நம்பரைக் கொடுத்தால் பழைய மார்க் ஷீட் எல்லாவற்றையும் அரசாங்கமே இலவசமாகக் காட்டுகிறது. எந்த வருஷம் எதில் ஃபெயில், மீட்டரில் எத்தனை மைல் என்று எல்லாம் இருக்கும். தெருவில் நின்றபடி போனில் தட்டினோம். இந்த சிவப்பழகி 2014-ல் 88,000 மைல் ஓடியிருந்தாள். இப்போது மீட்டர் காட்டியது 71,000. வயசு ஏற ஏற இளமை திரும்புகிற அதிசயம் சினிமா நடிகைகளுக்கு மட்டும் என்று நினைத்திருந்தேன்!

“எஞ்சின் எங்கே சார்?”

இரண்டாவது கார், பர்மிங்காம் பக்கம் ஒரு சின்ன டீலரிடம். வெள்ளி நிறம். நண்பன் கெத்தாக, “எஞ்சினைக் காட்டுங்க” என்றான்.

முன்பக்கம் திறந்தார். பெட்டி வைக்கிற இடம். பின்பக்கம் திறந்தார். அங்கேயும் பெட்டி வைக்கிற இடம். நண்பன் என்னைப் பார்த்தான். நான் வானத்தைப் பார்த்தேன்.

பாக்ஸ்டரின் எஞ்சின் சீட்டுக்குப் பின்னால், காரின் நடு வயிற்றில் இருக்கிறது. சாதாரணமாகப் பார்க்கவே முடியாது. ஆயிலும் தண்ணீரும் ஊற்றுகிற வாய் மட்டும் பின் டிக்கியில் தெரியும். ஆகவே, எஞ்சினைப் பார்க்க முடியாதவர்கள் அதைச் சுற்றி இருப்பதைத்தான் மோப்பம் பிடிக்க வேண்டும்.

பின் டிக்கியின் கார்ப்பெட்டைத் தொட்டுப் பாருங்கள். ஈரமா? கூலன்ட் தொட்டியில் விரிசலாக இருக்கலாம். முன் பம்பரின் இரண்டு பக்க ஓட்டைகளுக்குள் டார்ச் அடியுங்கள். ரேடியேட்டர்களும் ஏ.சி. கண்டென்சர்களும் அங்கேதான். காய்ந்த இலைகள் சேர்ந்து, ஈரத்தில் ஊறி, உலோகத்தை அரித்துவிடும். சீட்டுக்கு அடியில் கையை விடுங்கள். கூரை மழைத்தண்ணீர் வடிகிற துவாரங்கள் அடைத்துக்கொண்டால் தண்ணீர் உள்ளே இறங்கி, சீட்டுக்கடியில் இருக்கும் அலாரம் பெட்டியை நனைக்கும். அது நனைந்தால் கார் கதவும் திறக்காது, ஸ்டார்ட்டும் ஆகாது. ஆறு சிலிண்டர் திண்ணையாகிவிடும்!

இந்த வெள்ளிக் காரில் சீட்டுக்கடியில் கை விட்டேன். சொதசொதவென்றது. புளித்த தோசை மாவு வாசனை.

பேப்பர்களைப் புரட்டினால் ஒரு மூலையில் பொடி எழுத்தில் ‘கேட்டகரி என்’. அதாவது ஒரு காலத்தில் விபத்தோ வெள்ளமோ நடந்து, ‘ரிப்பேர் கட்டுப்படியாகாது’ என்று இன்ஷூரன்ஸ் கம்பெனி கைகழுவிய கார். ‘எஸ்’ என்று இருந்தால் சேதம் எலும்புவரை போயிருந்தது என்று பொருள். 2017 அக்டோபருக்கு முன்னால் இவற்றுக்குப் பதில் சி, டி என்ற எழுத்துகள். சரியாக ரிப்பேர் செய்திருந்தால் ஓட்டலாம்தான். ஆனால், டீலர் வாயைத் திறக்கவே இல்லையே! ‘இதை ஏன் சொல்லலை?’ என்று கேட்டோம். ‘நீங்க கேட்கலையே’ என்றார். இந்த மாதிரி ஆசாமிகள் எல்லாத் தேசத்திலும் ஒரே பாஷைதான் பேசுகிறார்கள்.

கொஞ்சம் பவுண்டு செலவழித்தால் காரின் மேல் கடன் பாக்கி, திருட்டு, விபத்து எல்லாவற்றையும் சொல்கிற ரிப்போர்ட் கிடைக்கும். ஓனர் பெயர் போட்ட ‘வி5சி’ புத்தகத்தைக் காட்டினால் மயங்க வேண்டாம். அது காரைப் பதிவு செய்து வைத்திருப்பவர் யார் என்று சொல்லும். சொந்தக்காரர் யார் என்று சொல்லாது. அந்தப் புத்தகத்திலேயே அப்படித்தான் போட்டிருக்கிறது.

ஒரு சின்ன பேரிங்... பெரிய தலைவலி!

திரும்பி வரும் வழியில் நண்பன் மௌனம். நான் அவனுக்கு ஐ.எம்.எஸ். புராணம் சொன்னேன்.

இந்தக் கார்களின் எஞ்சினுக்குள் ‘இன்டர்மீடியட் ஷாஃப்ட்’ என்று ஒன்று சுற்றுகிறது. கிராங்க் ஷாஃப்டிலிருந்து வால்வுகளை இயக்கும் காம் ஷாஃப்டுகளுக்கு ஓட்டத்தைக் கொண்டுபோகும் இடைத்தரகர். அதன் ஒரு முனையில் ஒரு பேரிங். அது தேய்ந்து நொறுங்கினால் வால்வுகளின் தாளம் தப்பி, வால்வும் பிஸ்டனும் முட்டிக்கொள்ளும். எஞ்சின் அம்பேல்! எல்லாக் காருக்கும் இது வருவதில்லை, பெரும்பாலானவை நன்றாகவே ஓடுகின்றன. ஆனால், வந்தால் எஞ்சினின் விலை காரின் விலையைத் தொடும். அமெரிக்காவில் இதற்காகப் போட்ட வழக்கு 2013-ல் சமரசத்துக்கு வந்தது. 2009 மாடலில் வந்த புது எஞ்சினில் இந்த ஷாஃப்டே இல்லை.

நமக்கு வேண்டியது என்ன? கிளட்ச் மாற்றும்போது கியர்பாக்ஸ் எப்படியும் வெளியே வரும். புத்திசாலி ஓனர் அப்போதே பேரிங்கையும் மாற்றியிருப்பார். ‘மாத்தியாச்சு சார்’ என்ற வாய் வார்த்தை பத்து பைசா பெறாது. பில் வேண்டும்.

“மாப்ளே, இன்னொண்ணு தெரிஞ்சுக்கோ. பழசாக ஆக கார் விலை இறங்கும். ஸ்பேர் விலை இறங்காது. நீ ஆறாயிரம் பவுண்டு கார் வாங்கலை. முப்பதாயிரம் பவுண்டு காரோட ரிப்பேர் செலவை வாங்கறே.”

“அப்ப வேண்டாங்கறியா?”

“கையில இருக்கற ஒன்பதாயிரத்தையும் காருக்கே குடுக்காதேங்கறேன்.”

மூன்றாவது கார்: அழுமூஞ்சி!

பாத் நகருக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். ரிடையர் ஆன ஸ்கூல் வாத்தியார். கருநீலக் கார். மூக்கெல்லாம் கல் பட்ட புள்ளிகள். பின்பக்க பிளாஸ்டிக் கண்ணாடி கண்புரை வந்த மாதிரி மங்கல் (2003 மாடலிலிருந்துதான் நிஜக் கண்ணாடி). நண்பன் முகம் சுருங்கியது.

நான் தரையைப் பார்த்தேன். சுத்தம். எக்ஸாஸ்ட்டைத் தொட்டேன். ஜில்! நாலு டயரும் ஒரே கம்பெனி. டயர் ஓரத்தில் இருக்கும் நாலு இலக்க நம்பரைப் படித்தேன். முதல் இரண்டு இலக்கம் வாரம், அடுத்த இரண்டு வருஷம். டயர்களுக்கு இரண்டு வயசுதான். கதவுப் பிடியைத் தூக்கினால் கண்ணாடி துளி இறங்கி, மூடினதும் ஏறியது. அது அப்படித்தான் செய்ய வேண்டும்.

வாத்தியார் தடியான ஃபைல் ஒன்றைக் கொண்டுவந்து மேஜையில் ‘தொப்’ என்று வைத்தார். 2003-லிருந்து ஒவ்வொரு பில்லும், தேதிவாரியாக. 2015-ல் கிளட்ச், அதோடு சீல், அதோடு... பேரிங்! எட்டு லிட்டர் சொச்சம் ஆயில் குடிக்கிற எஞ்சினுக்கு வருஷா வருஷம் ஆயில் மாற்றியிருந்தார்.

அப்புறம் அவர் எங்களைக் கேள்வி கேட்க ஆரம்பித்தார். ராத்திரி எங்கே நிறுத்துவீர்கள்? எஞ்சின் சூடாகும்வரை பொறுமையாக ஓட்டுவீர்களா? பெண் பார்க்கப் போன இடத்தில் பெண்ணின் அப்பா விசாரிக்கிற மாதிரி! ‘இந்த வீட்டுச் சம்பந்தம்தான்’ என்று அப்போதே தெரிந்துவிட்டது.

இருந்தாலும் புதுப்பேட்டை டீ பையனை மட்டும் நம்பலாமா? போர்ஷே மட்டுமே பார்க்கிற ஒரு மெக்கானிக்கிடம் காரைக் காட்டினோம். லிஃப்டில் ஏற்றினார். ஆயில் ஃபில்டரை வெட்டிப் பிரித்து உலோகத் துகள் மினுக்குகிறதா என்று பார்த்தார். எஞ்சின் கம்ப்யூட்டரில் வயரை மாட்டி, யாராவது தப்புக் கியர் போட்டு எஞ்சினைக் கதறவிட்டிருக்கிறார்களா என்று படித்தார். ஃபில்டர் சுத்தம். எஞ்சினும் கதறினதாகத் தெரியவில்லை. ஆனால், ஒரு பின் ஸ்பிரிங் உடைந்திருந்தது. ரேடியேட்டர் ஒன்று அரித்திருந்தது. வாத்தியாரிடம் லிஸ்ட்டை நீட்டினோம். ஏழாயிரம் சொன்னவர் ஆறாயிரத்து நானூறுக்கு இறங்கினார். மிச்சம் இருந்ததில் ரிப்பேரும் இன்ஷூரன்ஸும் போக ஒரு தொகையைத் தனியாக பாங்கில் போடவைத்தேன். அதற்கு நண்பன் வைத்த பெயர் ‘அழுகை ஃபண்ட்’.

கத்தரித்து பர்ஸில் வைத்துக்கொள்ள...

* வண்டி நின்ற தரையைப் பாருங்கள். எஞ்சின் குளிர்ந்திருக்கணும்.
* பில் இருந்தால் பேச்சு, இல்லையென்றால் டாட்டா.
* பழைய பரீட்சை ரிப்போர்ட்டில் மைல் கணக்கைச் சரிபாருங்கள்.
* டயர் நாலும் நாலு ஜாதியாக இருந்தால் ஓனர் கஞ்சன். ஆயிலிலும் கஞ்சத்தனம் பண்ணியிருப்பார்.
* அந்தக் காரைத் தெரிந்த மெக்கானிக்குக்குக் கொடுக்கிற சில நூறு பவுண்டு தண்டம் அல்ல.
* முதல் நாள் பார்த்த காரை முதல் நாளே வாங்காதீர்கள்.
* கையில் இருப்பதில் கால் பங்காவது ரிப்பேருக்கு ஒதுக்குங்கள்.

ஜூன் மாதம். ஹீத்ரோ ஏர்போர்ட் கார் பார்க். நண்பனின் அப்பா கருநீலக் காரை ஒரு சுற்று சுற்றி வந்தார். ஒன்றும் பேசவில்லை. அப்புறம் வேட்டியை மடித்துக்கொண்டு குனிந்து, காருக்கு அடியில் தரையைப் பார்த்தார். நண்பன் மூச்சைப் பிடித்துக்கொண்டான்.

“சொட்டு இல்லை” என்றார் எழுந்து. கண் கொஞ்சம் கலங்கியிருந்தது. உள்ளே எட்டிப் பார்த்தவர், “என்னடா இது, ரெண்டே சீட்டு? கண்டக்டர் எங்கே உட்காருவான்?” என்றார்.

கண்டக்டருக்கு மட்டுமா இடமில்லை? முன் டிக்கியில் ஒன்று, பின் டிக்கியில் ஒன்று போக, ஊறுகாய் ஜாடிகள் அடைத்த மூன்றாவது பெட்டி மிஞ்சியது. அதை மடியில் வைத்துக்கொண்டு நான் ரெடிங் வந்து சேர்ந்தேன்... பஸ்ஸில்!