ஒவ்வொரு மோதலையும் எண்ண வேண்டுமா?

தைரொயிட்டுப் புற்றுநோய்க்குச் சத்திரசிகிச்சை செய்துகொண்ட என் சாச்சிக்கு, பின்னர் கதிரியக்க அயடீன் கொடுத்தார்கள். "விழுங்கிய மருந்து கழுத்திலிருக்கிற கலங்களை மட்டும் எப்படி மகள் அழிக்கும்?" என்று கேட்டார். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல் படிக்கும் எனக்கு அன்று பாதி விடைதான் தெரிந்தது. மீதியைத் தேடியபோது கற்றதை இங்கே தருகிறேன்.

தைரொயிட்டுக் கலங்கள் இரத்தத்திலுள்ள அயடீனை இழுத்துச் சேர்த்துக்கொள்பவை. அயடீன்-131 அங்கே சேர்ந்து இலத்திரன்களை வெளிவிடுகிறது. அவை இழையத்தில் பெரும்பாலும் ஒரு மில்லிமீற்றருக்குள்ளும், கூடினால் 2 மில்லிமீற்றர் வரையுமே செல்லும். ஆதலால் சேதம் அயடீன் சேர்ந்த இடத்தோடு பெரும்பாலும் நின்றுவிடுகிறது. சிகிச்சை பெற்றவரைப் பிள்ளைகளிடமிருந்து சில நாள் விலகியிருக்கச் சொல்வது, உடலைத் தாண்டி வெளியே வரும் காமாக் கதிராலும், உமிழ்நீர், சிறுநீர் வழியே வெளியேறும் அயடீனாலுமே.

ஒரு கலத்துக்குக் கிடைக்கும் சக்தியைக் கணிக்க, இலத்திரனின் பயணத்தைக் கணினியில் போலச்செய்து பார்க்கிறார்கள். இலத்திரன் நேராகப் போவதில்லை. அணுக்களில் மோதி மோதித் திரும்புகிறது. இதைக் கணிக்க இரு வழிகள் உண்டு.

பெரஹரா நாளில் தலதா வீதிச் சனத்திரளுக்குள் நடப்பதை நினைத்துப் பாருங்கள். ஒவ்வோர் இடியையும் தனித்தனியே எண்ணலாம். இது ஒற்றைச் சிதறல். அல்லது, வீதியின் மறுமுனைக்கு வரும்போது எவ்வளவு விலகியிருப்போம் என்று மொத்தமாகக் கணிக்கலாம். இது பன்மடிச் சிதறல். இதற்கான கணிதத்தை 1940இல் கௌட்ஸ்மித், சோண்டர்சன் இருவரும், 1948இல் மொலியேரும் தந்தார்கள். ஆயிரக்கணக்கான மோதல்களை ஒரே அடியாகச் சுருக்குவதால் கணினி வேலை விரைவாக முடியும்.

ஆனால் நாம் போவது பக்கத்துக் கடைக்கு மட்டும் என்றால்? வழியில் இரண்டு மூன்று இடிகள்தாம். அங்கே சராசரிக்குப் பொருளில்லை. மொலியேரின் கோட்பாடும் ஏறத்தாழ இருபது மோதல்களாவது நடந்தால்தான் நம்பத்தக்கது.

இதை நான் பிழைவிட்டே படித்தேன். ஜெனீவாவின் சேர்ன் ஆய்வுகூடத்தில் வளர்ந்த, இலவசமாகக் கிடைக்கும் ஜியான்ற்-4 மென்பொருளில், அயடீன்-125இன் தாழ்சக்தி இலத்திரன்களைப் பன்மடிச் சிதறலால் கணித்தேன். அவற்றுட் பல சில நனோமீற்றரே செல்பவை. டிஎன்ஏ இழையின் அகலமே 2 நனோமீற்றர். கணிப்பின் அடி நீளத்தை மாற்றினேன், விடையும் மாறியது. இயற்கை என் அடி நீளத்தைப் பார்த்து நடப்பதில்லையே! பின்னர் திரவ நீரில் திசைமாற்றம், சக்தியிழப்பு என ஒவ்வொரு மோதலையும் தொடரும் ஜியான்ற்-4 டிஎன்ஏ என்னும் பகுதிக்கு மாறினேன். மடிக்கணினி இரவு முழுதும் ஓடியது. ஆனால் இம்முறை விடையை நம்ப முடிந்தது.

ஆக, தெரிவுக்கு முன் கேட்க வேண்டியது ஒன்றே: நாம் பார்க்கும் இடத்துக்குள் எத்தனை மோதல்கள் நடக்கும்? மில்லிமீற்றர் அளவு இழையமா, பன்மடிச் சிதறல் போதும். கலத்தின் கருவா, டிஎன்ஏயா, ஒவ்வொன்றாக எண்ணத்தான் வேண்டும். இடைப்பட்ட இடங்களில், எல்லைகளுக்கு அருகே மட்டும் ஒற்றைச் சிதறலைச் சேர்ப்பாரும் உண்டு. எதைத் தெரிந்தாலும், அடி நீளத்தை மாற்றிச் சரிபார்க்காமல் விடையை எழுதக் கூடாது.

சாச்சிக்கு இவ்வளவும் சொல்லவில்லை. "அது தூரம் போகாது சாச்சி, இரண்டு மில்லிமீற்றர்தான்" என்றேன். நகத்தின் நுனியை அளந்து பார்த்து, "அல்ஹம்துலில்லாஹ்" என்றார்.