பெருவுக்குப் போன மடிக்கணினிகள்

கிராமத்துப் பிள்ளைகள் நிரலெழுதக் கற்கட்டும் என்று மடிக்கணினி வாங்கித்தர நினைப்பவர்கள், பணத்தை எடுக்குமுன் பெரு நாட்டின் அனுபவத்தைப் பார்த்துவிடுவது நல்லது.

2005இல் நிக்கோலஸ் நெக்ரோபான்டே நூறு டாலர் மடிக்கணினித் திட்டத்தை அறிவித்தார். ஆளுக்கொரு கணினி கையில் இருந்தால் ஏழைக் குழந்தைகள் தாமாகவே கற்றுக்கொள்வார்கள் என்பது அவர் கணக்கு. விலை நூறு டாலரில் நிற்கவில்லை. இருநூறை ஒட்டிப் போனது. பெரு மட்டும் எட்டு லட்சத்துக்கு மேல் வாங்கி, ஆண்டிஸ் மலைக் கிராமங்கள்வரை அனுப்பியது.

இயந்திரம் மட்டமானதல்ல. வெயிலிலும் திரை தெரியும். ஓடிக்கொண்டிருக்கும் செயலியின் பைத்தான் நிரல் வரிகளைத் திறந்து காட்டுவதற்கென்றே விசைப்பலகையில் ஒரு பட்டன் இருந்தது. அழகான யோசனை. ஆனால் கெச்சுவாவும் ஸ்பானிஷும் பேசும் குழந்தைக்கு அந்த ஆங்கில வரிகளை விளக்கிச் சொல்ல ஆள் வேண்டுமே! ஆசிரியர்களுக்குக் கிடைத்த பயிற்சி 40 மணி நேரம். பெரும்பாலான பள்ளிகளில் இணையமும் இல்லை.

அமெரிக்க நாடுகளிடை வளர்ச்சி வங்கியின் ஆய்வாளர்கள் 319 கிராமப்புறப் பள்ளிகளை ஆராய்ந்து 2012இல் முடிவை வெளியிட்டார்கள். பொதுச் சிந்தனைத் திறனில் கொஞ்சம் முன்னேற்றம். கணிதத்திலும் மொழிப்பாடத்திலும் ஒன்றுமில்லை. எந்தச் செயலி எவ்வளவு ஓடியது என்ற பதிவுகளையும் பார்த்தார்கள். எழுதும் செயலி, விளையாட்டு, பாட்டு எல்லாம் முன்னால் நின்றன. நிரலெழுதும் செயலிகளின் பங்கு சொற்பம்.

தமிழ்நாடு 2011இலேயே மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியது. 2025 பட்ஜெட்டில் கல்லூரி மாணவர் 20 லட்சம் பேருக்குக் கணினி என்று அறிவிப்பு வந்தது. கொடுப்பதில் தவறில்லை. ஆனால் தமிழ்வழியில் படித்த பெண் ஒருத்தி, டர்போ சி++ என்ற பழைய நிரல் மென்பொருள் காலத்து நோட்ஸைப் பார்த்து ‘ஐஓஸ்ட்ரீம் டாட் ஹெச்’ என்று தட்டினால், இன்றைய கம்பைலர் முதல் வரியிலேயே அப்படியொரு கோப்பு இல்லை என்று ஆங்கிலத்தில் சொல்லி நின்றுவிடும். தப்பு நோட்ஸில், அவளோ தன் மூளையில் என்று நினைப்பாள். விவரம் தெரிந்தவருக்கு அது இரண்டு நிமிட வேலை. கேட்க ஆளில்லாதவள் பாடத்தையே விட்டுவிடுவாள்.

எனவே பத்துக் கணினிக்குப் பணம் இருந்தால் ஆறு வாங்குங்கள். மிச்சத்தை அந்த ஊரிலேயே கல்லூரி முடித்த ஒருவருக்கு மாதச் சம்பளமாக ஒதுக்குங்கள், வாரத்தில் மூன்று மாலை பிள்ளைகளோடு உட்கார. திறப்பு விழாப் படத்தில் நான்கு பெட்டி குறையும். அவ்வளவுதான்.