உறங்கா நோய்

உயிர்களுக்கு உணவும் நீரும் எத்துணை இன்றியமையாதனவோ, அத்துணை இன்றியமையாதது உறக்கம். அவ்வுறக்கத்தை முதலிற் கெடுத்து, பின்னர் உயிரையும் கவரும் கொடிய நோய் ஒன்று உண்டு. அது சில குடும்பங்களில் வழிவழியாக வருவது, மிக அரியது. 1986-ஆம் ஆண்டில் இத்தாலி நாட்டுப் பொலோனா நகரத்து மருத்துவர் எலியோ லுகாரேசியும் அவர்தம் குழுவினரும் இந்நோயை விளக்கியுரைத்தனர். மூளையின் நடுவில் உள்ள தலாமஸ் என்னும் பகுதி இதனாற் பெரிதும் சிதைகின்றது.

நோய் என்றவுடன் கிருமியே நம் நினைவிற்கு வரும். இந்நோய்க்கோ கிருமி காரணமன்று. நம் உடலில் இயல்பாக உள்ள புரதம் ஒன்றே உருத்திரிந்து பகையாகின்றது. புரதம் நீண்ட இழை போன்றது; முறைப்படி மடிந்தால்தான் தன் தொழிலைச் செவ்வனே செய்யும். சென்னைப் பாலவாக்கத்துக் கடற்கரையில் மீனவர் வலையை மடித்து வைத்தலைக் கண்டிருப்பீர்கள். ஓரிடத்திற் சிக்கு விழுந்தால், அஃது அடுத்த மடிப்பையும் இழுத்துச் சிக்காக்கும். அதுபோலவே, பிறழ மடிந்த புரதம் அருகிலுள்ள நற்புரதத்தையும் தன்னைப்போல் ஆக்குகின்றது. அவை பெருகப் பெருக நரம்பணுக்கள் மாய்கின்றன. இத்தகைய புரதத்திற்கு 1982-இல் ‘பிரியான்’ எனப் பெயரிட்டவர் அமெரிக்க அறிஞர் ஸ்டான்லி புரூசினர். அவர் கூற்றை முதலிற் பலர் ஐயுற்றனர்; எனினும் 1997-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அமெரிக்காவில் வாழும் இந்திய வழியினரான சோனியா வல்லபின் தாயார் 2010-இல் பிரியான் நோயால் இறந்தார். தாயிடமுள்ள மரபணுப் பிழை மக்களுக்கு வரும் வாய்ப்புச் சரிபாதி. அறியாதிருத்தலே அமைதி என்று அவர் எண்ணவில்லை, சோதித்தறிந்தார். 2011-இல் தமக்கும் அப்பிழை உண்டெனத் தெரிந்தது. சட்டம் பயின்றிருந்த அவரும், போக்குவரத்துத் திட்டத் துறையிலிருந்த கணவர் எரிக் மினிகலும் தத்தம் தொழிலை விடுத்து உயிரியலைக் கற்கத் தொடங்கினர், ஆராய்ச்சியாளராயினர். அப்புரதம் உடலிற் சுரக்கும் அளவையே குறைத்தால் நோய் தளரும் என்பது அவர்கள் கொண்ட வழி. அவ்வழியில் அமைந்த மருந்து எலிகளின் வாழ்நாளை நீட்டித்தது. பின்னர் மனிதரிடத்தும் சோதனை தொடங்கிற்று. ஆயினும், நோயை முற்றும் தீர்க்கும் மருந்து இன்னும் கைவரவில்லை.

பிரியான் நோய்களுள் மற்றொன்றான குரோய்ட்ஸ்பெல்ட்-யாக்கோப் நோய் நம் நாட்டிலும் அறியப்பட்டுள்ளது. பெங்களூரிலுள்ள நிம்ஹான்ஸ் நிறுவனத்தார் அதனை ஆராய்ந்து எழுதியுள்ளனர். இறந்தோரின் உறவினர் மனமுவந்து அளிக்கும் மூளைகளைப் பேணிக் காக்கும் மூளை வங்கியும் அங்கு உள்ளது. துயர மிகுந்த வேளையில் அவர்கள் செய்யும் அக்கொடை, பிறர் உயிர் காக்கும் ஆய்வுக்குத் துணையாகின்றது.

இந்நோயாளரைத் தொடுவதனாலோ அவரோடு உடனுண்பதனாலோ நோய் பரவாது. ஆதலின் அவரை அஞ்சி விலகுதல் அறமன்று. அருகிருந்து பேணுதலே கடமை. மருந்து இல்லாத நோய்க்கும் அன்பு உண்டு. அறிவு தளராது தேடின், நாளை மருந்தும் உண்டாகலாம்.