தீவுக்கு வரும் உயர் நீதிமன்றம்

அந்தமானின் ஷாதிபூரில் பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்களுக்குள் மதில் தகராறு என்று வைத்துக்கொள்வோம். மதில் தன் மனைக்குள் ஓரடி ஏறி நிற்கிறது என்கிறார் ஒருவர். இல்லை என்கிறார் மற்றவர். வழக்கு உரிமையியல் நீதிமன்றத்தில் தொடங்கும். தோற்றவர் மாவட்ட நீதிபதியிடம் அப்பீல் போவார். இதுவரை எல்லாம் ஊருக்குள்தான். அதாவது, 2024இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிய போர்ட் பிளேருக்குள். அங்கும் தோற்றால் அடுத்தது உயர் நீதிமன்றம். அது இருப்பதோ கொல்கத்தாவில். கடல் வழியே 1,255 கிலோமீட்டர். சென்னையிலிருந்து கன்னியாகுமரி போகும் தூரத்தைப்போல் ஒன்றே முக்கால் மடங்கு.

ஆனால் வழக்காடுபவர் கப்பல் ஏற வேண்டியதில்லை. நீதிமன்றமே வருகிறது! கல்கத்தா உயர் நீதிமன்றத்தின் நீதிபதிகள் முறைவைத்துத் தீவுக்கு வந்து அமர்ந்து வழக்குகளைக் கேட்கிறார்கள். இதற்குச் சுற்று அமர்வு என்று பெயர்.

சென்னை இன்னும் கிட்டத்தில், 1,190 கிலோமீட்டரில் இருக்கிறது. தீவில் தமிழரும் ஏராளம். அப்படியிருக்க ஏன் கொல்கத்தா? 1858இல் இங்கே கைதிகள் குடியிருப்பை நிறுவிய ஆங்கில அரசு ஆண்டது கல்கத்தாவிலிருந்து. அந்த நூல்தான் பிறகும் தொடர்ந்தது. 1953இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றி, கல்கத்தா உயர் நீதிமன்றத்தின் அதிகாரத்தை அந்தமான் நிக்கோபாருக்கும் நீட்டித்தது. அதுவும் 1950 மே 2 முதலே செல்லும் என்று பின்தேதியிட்டு.

வந்த நீதிபதி மதிலைப் போய்ப் பார்ப்பாரா? மாட்டார். சாட்சிகளைக்கூடக் கூப்பிடமாட்டார். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 100ஆம் பிரிவுப்படி, இந்த இரண்டாம் மேல்முறையீட்டில் நுழைய ஒரே ஒரு வாசல்தான்: வழக்கின் முடிவையே மாற்றக்கூடிய கனமான சட்டக் கேள்வி ஒன்று இருக்க வேண்டும். அந்தக் கேள்வியை நீதிபதி முதலில் எழுத்தில் வடித்தாக வேண்டும். “மதில் எங்கே நிற்கிறது?” என்பது செல்லாது. “பத்திரத்தில் சொன்ன பரப்பளவும் நான்கெல்லையும் முரண்பட்டால் எது நிற்கும்?” என்பது செல்லக்கூடும். முதல் மேல்முறையீடு என்ற சல்லடையில் உண்மைகளும் சட்டமும் சேர்ந்தே சலிக்கப்படும். இரண்டாவதில் சட்டம் மட்டும். இது கொஞ்சம் கடுமையானதுதான். ஆனால் இப்படி இல்லாவிட்டால் ஒவ்வொரு மதிலும் உயர் நீதிமன்றத்தில் மறுபடி அளக்கப்படும்.

குற்ற வழக்கில் அப்பீல் நீதிபதியின் கையில் இருப்பது பேப்பர் புக்: கீழமை நீதிமன்ற வாக்குமூலங்களும் ஆவணங்களும் சேர்ந்த கட்டு. சாட்சி தடுமாறினாரா, முகம் வெளுத்தாரா என்பதெல்லாம் அந்தக் கட்டில் இருக்காது. அதனால்தான் நேரில் கண்ட நீதிபதியின் மதிப்பீட்டை அப்பீல் நீதிபதிகள் சட்டென்று தள்ளுவதில்லை. விடுதலைத் தீர்ப்பென்றால் இன்னும் தயக்கம். ஒரே சாட்சியத்துக்கு இரண்டு விதமாகப் பொருள் கொள்ள முடிந்தால், குற்றம் சாட்டப்பட்டவருக்குச் சாதகமானதே நிற்கும்.

மரண தண்டனைக்கு மட்டும் தனி ஏற்பாடு. தண்டிக்கப்பட்டவர் அப்பீல் செய்யாவிட்டாலும் கோப்பு தானாகவே உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். அங்கே குறைந்தது இரண்டு நீதிபதிகள் கையெழுத்திட்டு உறுதி செய்யாமல் தூக்கு இல்லை. அந்த இருவரும் வேறுபட்டால் மூன்றாமவர் பார்ப்பார். இந்த வழக்கம் புதிதன்று. 1872 பிப்ரவரி 8 அன்று அந்தமானின் ஹோப் டவுன் துறையில் வைஸ்ராய் மேயோவைக் கைதி ஷேர் அலி குத்திக் கொன்றார். கொலையுண்டவர் நாட்டை ஆண்டவர், சாட்சிகள் நிறைய. இருந்தும் கோப்பு கல்கத்தா உயர் நீதிமன்றத்துக்குப் போய், உறுதியாகித் திரும்பியது. மார்ச் 11 அன்று வைப்பர் தீவில் ஷேர் அலி தூக்கிலிடப்பட்டார். நீராவிக் கப்பல் காலத்தில், கடல்வழிப் போக்குவரத்து உட்பட எல்லாம் 32 நாளில்! வியப்பதா, இவ்வளவு அவசரமா என்று கேட்பதா? எனக்கு இரண்டும் தோன்றுகிறது.

இன்றைய வேகம் அதையும் மிஞ்சும். தினக்கூலித் தொழிலாளர்களின் ஊதியம் பற்றிய உத்தரவைத் தீவு நிர்வாகம் நிறைவேற்றவில்லை என்று நீதிமன்ற அவமதிப்பு வழக்கு வந்தது. 2023 ஆகஸ்ட் 3 அன்று சுற்று அமர்வு தலைமைச் செயலாளரைப் பணியிடை நீக்கம் செய்தது. துணைநிலை ஆளுநர் டி.கே. ஜோஷி சொந்தப் பணத்திலிருந்து 5 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்றது. கூலிக்காரர் தொடுத்த வழக்கு தீவின் உச்சி அதிகாரிவரை எட்டியது. நிர்வாகம் டெல்லிக்கு விரைந்தது. மறுநாளே தலைமை நீதிபதி சந்திரசூட் தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு அந்த உத்தரவுக்குத் தடை விதித்தது.

தடை என்றால் ரத்து அன்று. உத்தரவு சரியா தவறா என்று அந்த நாளில் யாரும் தீர்ப்பளிக்கவில்லை. அதைக் கேட்டு முடிக்கும்வரை நிறைவேற்றாதே என்பதுதான் அதன் பொருள். பணியிடை நீக்கமும் 5 லட்சமும் அத்துடன் நின்றன. தொழிலாளர் கேட்டது கூலி உயர்வு, அது வேறு கணக்கு.